துறைமுகத்தில் ஒரு தடவை, கடையில் ஒரு தடவை: ஐஜிஎஸ்டி இரண்டு முறை கட்டணுமா?

மதுரை சாலிடர் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் மொபைல் சர்வீஸ் கடைக்காரர்களுக்குச் சாமான் விற்கிறேன். சாலிடரிங் அயர்ன், அதற்கான டிப், ஹாட் ஏர் ஸ்டேஷன் மாதிரி ஐட்டங்கள். ஆறு வருஷமாகச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கித்தான் விற்றுக்கொண்டிருந்தேன். அங்கே மாஸ்டர் கார்ட்டனில் வரும் சரக்கு சீனாவிலிருந்து என்ன விலைக்கு வருகிறது என்று தெரிந்தபிறகு தூக்கம் வரவில்லை. சரி, நாமே இறக்கிப் பார்ப்போம் என்று ஐஇசி (இறக்குமதி, ஏற்றுமதிக்கான பதிவு எண்) எடுத்தேன். ஜிஎஸ்டி பதிவு ஏற்கெனவே இருக்கிறது, ரெகுலர் ஸ்கீம்.

தூத்துக்குடி வழியாக எல்சிஎல்-இல் (பலர் சரக்கு சேர்ந்து வரும் பங்குக் கன்டெய்னரில்) சரக்கு வந்தது. கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்து மதிப்பு 2,40,000 ரூபாய். கிளியரிங் ஏஜென்ட் அனுப்பிய சலானில் இருந்தது இது:

பேசிக் டியூட்டி (சுங்க வரி) 7.5 சதவீதம்: 18,000
சோஷியல் வெல்ஃபேர் சர்சார்ஜ்: 1,800
ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கும் வெளிமாநிலச் சரக்குக்கும் போடும் ஜிஎஸ்டி) 18 சதவீதம்: 46,764
மொத்தம் 66,564

இதுபோக ஏஜென்ட் பில், குடோன் பில் எல்லாம் 22,000, அதற்கு ஜிஎஸ்டி 3,960. மதுரைக்கு வேன் வாடகை 3,200. எல்லாவற்றையும் கூட்டினால் அடக்கவிலை 3,35,724 ஆகிறது. இதன்மேல் 25 சதவீதம் லாபம் வைத்து, அதற்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டால் மொத்தச் சரக்கும் 4,95,000-க்கு மேல் போகிறது. ரிச்சி தெருவில் இதே சரக்கு இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது! நடுவில் ஒரு வியாபாரியின் லாபத்தை நீக்கிய பிறகும் எனக்கு எப்படி விலை கூடுகிறது?

கேள்வி இதுதான். துறைமுகத்தில் முழு வரியும் கட்டியாயிற்று. அதே சரக்கை விற்கும்போது மறுபடியும் வாடிக்கையாளரிடம் 18 சதவீதம் வாங்கிக் கட்டணுமா? கட்டணும் என்றால் முதலில் கட்டியது எதற்கு?

இன்னொன்று. இதற்கு முன்னால் சோதனைக்காகக் கூரியரில் மூன்று பெட்டி டிப் வரவழைத்தேன். அதற்கு 11,300 ரூபாய் வாங்கினார்கள். அதன் வரி ஜிஎஸ்டி போர்ட்டலில் எங்கேயும் காணோம். அதைத் திரும்ப எடுக்க வழி உண்டா?

ராத்திரி ஷிப்ட்:

இரண்டு தடவை கட்டுவது உண்மை. ஆனால் இரண்டாவது தடவை கட்டும்போது முதலில் கட்டியதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கட்டுவீங்க. உங்க ஆடிட்டர் சொல்லலையா?

மதுரை சாலிடர்:

“அதெல்லாம் இன்புட்ல வந்துடும்ப்பா” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார். வந்துடும் என்றால் எங்கே வரும், எப்போது வரும், எவ்வளவு வரும் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

கணக்குப்பிள்ளை அக்கா:

கூச்சப்படாதீங்க தம்பி, அந்த ஒரு வரியில்தான் உங்க 74,000 ரூபாய் ஒளிந்திருக்கிறது. நான் பதினோரு வருஷமாகச் சின்ன வியாபாரிகளுக்கு ரிட்டர்ன் போடுகிறேன். முதல்முறை இறக்குமதி செய்கிறவர்களில் பாதிப் பேர் நீங்கள் செய்த இதே தப்பைத்தான் செய்கிறார்கள்.

சலானில் இருப்பது மூன்று வரி இல்லை, இரண்டு வகை. பேசிக் டியூட்டியும் சர்சார்ஜும் ஒரு வகை. அது போனது போனதுதான், எந்தக் கிரெடிட்டும் (பிறகு கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை) கிடையாது, அடக்கவிலையில் சேர்த்தே ஆகணும். ஐஜிஎஸ்டி வேறு வகை. அது செலவே இல்லை. நீங்கள் நாளைக்கு விற்கப்போகும் சரக்குக்கான வரியில் ஒரு பகுதியை அரசாங்கம் இன்றைக்கே முன்பணமாக வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ரிச்சி தெருவில் வாங்கியபோது கடைக்காரர் பில்லில் 18 சதவீதம் போட்டாரே, அதை என்ன செய்தீங்க? கிரெடிட் எடுத்தீங்க இல்லையா? அந்தக் கடைக்காரர் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது கஸ்டம்ஸ் உட்கார்ந்திருக்கிறது. கடைப் பில்லுக்குப் பதிலாகப் பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸில் போடும் இறக்குமதிப் பத்திரம்).

இறக்குமதியை ஜிஎஸ்டி சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் வந்த சரக்கு மாதிரியே பார்க்கிறது. அதனால்தான் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்தின் பங்கு) என்று பிரிக்காமல் மொத்தமும் ஐஜிஎஸ்டியாக வருகிறது. உள்ளூர்க்காரர் அதே சரக்கைத் தயாரித்து விற்றால் 18 சதவீதம் கட்டுகிறார், வெளிநாட்டிலிருந்து வருவது கட்டாமல் நுழைந்தால் அவர் கதி என்ன? அதற்காகத்தான் வாசலிலேயே வாங்குகிறார்கள்.

உங்க ஏஜென்ட் கணக்கு சரிதான். ஐஜிஎஸ்டி வெறும் சரக்கு மதிப்பின் மேல் போடுவதில்லை, டியூட்டியும் சர்சார்ஜும் சேர்த்த தொகையின் மேல். 2,40,000 + 18,000 + 1,800 = 2,59,800. அதில் 18 சதவீதம் 46,764. சர்சார்ஜ் என்பது டியூட்டியில் பத்து சதவீதம், சரக்கு மதிப்பில் இல்லை.

இப்போது உங்க அடக்கவிலையைத் திருத்துவோம். 2,59,800, ஏஜென்ட் பில் வரியில்லாமல் 22,000, வேன் 3,200. கூட்டினால் ஒரு ரூபாய் குறையாமல் 2,85,000. இதன்மேல் உங்க 25 சதவீதம் வைத்தால் 3,56,250. ஜிஎஸ்டி 64,125. வாடிக்கையாளர் கொடுப்பது 4,20,375. நீங்கள் போட்டிருந்தது 4,95,193. வரிக்கு மேல் லாபம் வைத்து, அந்த லாபத்துக்கும் மேல் வரி வைத்திருக்கீங்க. ரிச்சி தெரு மலிவாகத் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன?

சர்க்காருக்கு ரொக்கமாகப் போவது எவ்வளவு? வாடிக்கையாளரிடம் வாங்கிய 64,125-இல் துறைமுகத்தில் கட்டிய 46,764-ஐக் கழிங்க, ஏஜென்ட் பில்லில் கட்டிய 3,960-ஐயும் கழிங்க. மிச்சம் 13,401. சரக்கு உங்க கையில் இருந்தபோது கூடின மதிப்புக்கு மட்டும்தான் வரி.

ஒரு சின்னச் சிக்கல், இதில் ஆட்கள் தடுமாறுவார்கள். தமிழ்நாட்டுக்குள் விற்பதால் 64,125 இரண்டாகப் பிரியும், 32,062.50 சிஜிஎஸ்டி, அதே அளவு எஸ்ஜிஎஸ்டி. ஐஜிஎஸ்டி கிரெடிட்டைத்தான் முதலில் தீர்க்கணும், ஆனால் சிஜிஎஸ்டிக்கு எவ்வளவு, எஸ்ஜிஎஸ்டிக்கு எவ்வளவு என்பது உங்க இஷ்டம். முழுசையும் சிஜிஎஸ்டி பக்கம் தள்ளிவிட்டீங்க என்றால் ஏஜென்ட் பில்லில் வந்த சிஜிஎஸ்டி 1,980 பயன்படாமல் அடுத்த மாதத்துக்கு நிற்கும், ஏனென்றால் சிஜிஎஸ்டி கிரெடிட்டை எஸ்ஜிஎஸ்டிக்குக் கட்ட முடியாது. அந்த 1,980-க்கு இடம் விட்டுவிட்டுப் பிரிங்க. அப்போதுதான் ரொக்கம் 13,401-இல் நிற்கும்.

கூரியர் விஷயம். அவர்கள் கொடுத்த காகிதத்தை எடுத்து டேரிஃப் தலைப்பு எண் (சரக்கு எந்த வகை என்று கஸ்டம்ஸ் போடும் எண்) என்ன என்று பாருங்க. உங்க ஜிஎஸ்டி எண் அதில் இருக்கிறதா என்றும் பாருங்க. பார்த்துவிட்டுச் சொல்லுங்க.

மதுரை சாலிடர்:

அக்கா, கடையை மூடிவிட்டு வந்து இதை மூன்று தடவை படித்தேன். கால்குலேட்டரில் போட்டும் பார்த்துவிட்டேன். 74,818 ரூபாய் வித்தியாசம். இரண்டு மாதமாக இந்தச் சரக்கு ஏன் நகரவில்லை என்று இப்போது புரிகிறது. எங்க வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஒற்றை மேஜைக் கடை, ஜிஎஸ்டி பதிவே கிடையாது. கடைசி விலை என்ன என்பது மட்டும்தான் அவர்களுக்கு.

கூரியர் காகிதம் கையில் இருக்கிறது. என் பெயர், வீட்டு விலாசம், கேஒய்சி என்ற இடத்தில் ஆதார். தலைப்பு எண் 9804 என்று இருக்கிறது. ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டிய இடம் காலி. பெட்டி வந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பி “அடையாள அட்டை ஏதாவது ஒன்று” என்று கேட்டார்கள். கையில் இருந்தது ஆதார், போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். ஜிஎஸ்டி எண் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை அக்கா:

அந்த ஆதார் போட்டோதான் விஷயம். 9804 என்பது சொந்த உபயோகத்துக்கு வரும் சரக்கின் தலைப்பு. அதாவது மூன்று பெட்டி சாலிடரிங் டிப்பையும் நீங்களே வீட்டில் வைத்துத் தேய்க்கப்போகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. கிரெடிட் எடுக்க வேண்டுமென்றால் பில் ஆஃப் என்ட்ரியில் உங்க ஜிஎஸ்டி எண் இருக்கணும், சரக்கு வியாபாரத்துக்கு வந்ததாக இருக்கணும். இரண்டும் இல்லை.

கஸ்டம்ஸ் சட்டத்தில் 149-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சரக்கு வெளியே போன பிறகும் பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்தித் தரும்படி கேட்கலாம். ஆனால் சரக்கு வெளியே போன அன்றைக்கே இருந்த ஆவணத்தை வைத்துத்தான் நிரூபிக்கணும், பிறகு தயாரித்த காகிதம் செல்லாது. ஜிஎஸ்டி எண் மட்டும் விட்டுப்போயிருந்தால் முயற்சி செய்யுங்க என்று சொல்வேன். தலைப்பே சொந்த உபயோகம் என்று இருக்கும்போது, அதைக் கிளறினால் 11,300-ஐவிடப் பெரிய கேள்வி வரும். செலவு என்று எழுதிவிட்டு அடுத்த தடவை பெட்டி கிளம்புவதற்கு முன்னாலேயே கூரியர்காரருக்கு ஐஇசி, ஜிஎஸ்டி எண் இரண்டையும் மெயிலில் அனுப்பி, வணிக இறக்குமதியாகப் போடச் சொல்லுங்க. வாட்ஸ்அப்பில் வேண்டாம், மெயில்.

பழைய சரக்கு:

தம்பி, அக்கா கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் சென்னையில் முப்பது வருஷம் ஹார்டுவேர் இறக்குமதி செய்தவன், இப்போது கடை பையன் கையில். நீ ஐஜிஎஸ்டி திரும்ப வருமா என்று பயப்படுவதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதே. பழைய கதை ஒன்று சொல்கிறேன்.

2017 ஜூலைக்கு முன்னால் இறக்குமதி செய்து அப்படியே விற்பவனுக்கு என்ன நிலைமை தெரியுமா? துறைமுகத்தில் பேசிக் டியூட்டி, அதன்மேல் சிவிடி (உள்ளூர் எக்சைஸ் வரிக்கு ஈடான டியூட்டி), அதற்கும்மேல் 4 சதவீதம் எஸ்ஏடி என்று ஒரு கூடுதல் டியூட்டி. உள்ளூர்ச் சரக்கின்மேல் விற்பனை வரி விழுகிறதே, அதற்கு ஈடாக இறக்குமதிச் சரக்கின்மேல் இது. சரி, நியாயம். ஆனால் நாம் அந்தச் சரக்கை விற்கும்போது மாநிலத்துக்கு வாட் கட்டுகிறோமே, அப்போது இரண்டு தடவை ஆகிவிடுகிறது இல்லையா? நீ கேட்ட அதே கேள்விதான். அதற்குப் பதிலாக 2007 செப்டம்பரில் 102 என்ற எண்ணில் ஒரு நோட்டிபிகேஷன் போட்டார்கள். விற்று, வாட் கட்டிவிட்டு வா, அந்த 4 சதவீதத்தைத் திருப்பித் தருகிறோம் என்று.

கேட்க நன்றாக இருக்கும். டியூட்டி கட்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மொத்தச் சரக்கையும் விற்று, வாட் கட்டிய சலானைச் சேர்த்து, ஆடிட்டர் சர்டிபிகேட் வாங்கி, எந்தப் பில் ஆஃப் என்ட்ரியின் சரக்கு எந்தப் பில்லில் விற்றது என்று அட்டவணை போட்டுக் கொடுக்கணும். அதோடு, விற்கும் ஒவ்வொரு பில்லிலும் “இந்தக் கூடுதல் டியூட்டிக்குக் கிரெடிட் கிடையாது” என்று எழுதியிருக்கணும். கையால் எழுதி மாளாது என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தேன். ஊதா மை. பில் புத்தகத்தில் அசலில் ஒன்று, கார்பன் நகலில் ஒன்று. ஒரு தீபாவளிக் கூட்டத்தில் கடைப்பையன் அசலில் மட்டும் குத்திவிட்டு நகலில் குத்த மறந்துவிட்டான், 41 பில். நம்மிடம் இருப்பது நகல்தானே? ரீஃபண்ட் ஃபைலில் அந்த 41-ஐயும் ஓரமாகச் சிவப்பில் சுழித்துத் திருப்பி அனுப்பினார்கள். வாடிக்கையாளர் கடை கடையாகப் போய் அசலை வாங்கி ஜெராக்ஸ் எடுத்தேன். 29 கிடைத்தது. மீதி 12 போனது போனதுதான். அந்த ஸ்டாம்ப் இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது.

அதனால் சொல்கிறேன், இப்போது இருப்பது எவ்வளவோ மேல். விற்றாலும் விற்காவிட்டாலும் ஐஜிஎஸ்டி கிரெடிட் லெட்ஜரில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. சரக்கு ஒரு வருஷத்தில் விற்கணும் என்ற கெடு கிடையாது. ஆனால் ஒன்று, அது ரொக்கமாகத் திரும்ப வராது. ஏற்றுமதி செய்பவனுக்கும், வாங்கும் பொருளின் வரி விற்கும் பொருளின் வரியைவிட அதிகமாக உள்ளவனுக்கும்தான் ரீஃபண்ட். நம் மாதிரி வாங்கி விற்பவனுக்கு விற்றால்தான் கழியும். சரக்கு தேங்கினால் வரியும் கூடவே தேங்கும். உன் 46,764 இரண்டு மாதமாகத் தூங்குகிறதே, அது உன் முதல். அதற்கு வட்டி போட்டுப் பார்த்திருக்கிறாயா?

மதுரை சாலிடர்:

ஐயா, கோபமெல்லாம் இல்லை. 41 பில் கதையைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன், பிறகு என் பில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.

முதல் முடங்குவதைப் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். இங்கே ஒருவர் வந்தார். “மதிப்பைப் பாதியாகப் போடுவோம், வரி பாதியாகிவிடும்” என்றார். இன்னொருவர் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும், வீட்டு வாசலில் சரக்கு, ஒரு காகிதமும் தேவையில்லை என்கிறார். செய்யலாம் என்று கேட்கவில்லை. உண்மையிலேயே அதில் லாபம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பழைய சரக்கு:

செய்யலாமா என்று கேட்கவில்லை என்று சொல்லிவிட்டே கேட்கிறாய், பரவாயில்லை.

பாதி மதிப்புக் கணக்கை நீயே போடு. 2,40,000-ஐ 1,20,000 என்று காட்டினால் டியூட்டியும் சர்சார்ஜும் சேர்ந்து 9,900 மிச்சம். ஐஜிஎஸ்டி 46,764-க்குப் பதில் 23,382. ஆஹா, 23,382 மிச்சம் என்று தோன்றும். எங்கே மிச்சம்? விற்கும்போது அதே 64,125 வாங்குகிறாய், கழிக்க உன்னிடம் பாதிதான் இருக்கிறது. துறைமுகத்தில் கட்டாத 23,382-ஐ அப்படியே 20-ஆம் தேதி போர்ட்டலில் ரொக்கமாகக் கட்டுவாய். ஐஜிஎஸ்டியில் ஒரு பைசா லாபம் கிடையாது.

அப்புறம் வருமான வரி. உன் புத்தகத்தில் கொள்முதல் 1,20,000 குறைந்துவிட்டது. விற்பனை அதேதான். அப்போது அந்த 1,20,000 என்ன ஆகும்? லாபமாக நிற்கும். அதற்கு வரி கட்டு. ஆக 9,900-ஐ மிச்சம் பிடிக்கப்போய், உன் வருமான வரி விகிதத்தைப் பொறுத்து, அதைவிட அதிகமாகவே வேறு வாசலில் கொடுக்க நேரலாம். இதைத் தவிர்க்கணும் என்றால் விற்பனையையும் பில் இல்லாமல் செய்யணும். அங்கேதான் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறான் அந்த ஆள்.

சீனாக்காரனுக்குப் பணம் எப்படி அனுப்புவாய்? பேங்க் வழியாக அனுப்பினால், அனுப்பிய ஒவ்வொரு டாலருக்கும் பில் ஆஃப் என்ட்ரியில் சரக்கு வந்திருக்கிறதா என்று ஐடிபிஎம்எஸ் என்ற ரிசர்வ் பேங்க் சிஸ்டத்தில் ஒப்பிடுவார்கள். அனுப்பியது 2,40,000-க்கு, வந்தது 1,20,000-க்கு என்றால் மீதிப் பாதி உன் பெயரில் பாக்கியாகத் தொங்கும், பேங்க்காரன் போன் செய்துகொண்டே இருப்பான். மதிப்பைத் திரித்தால் சரக்கைப் பறிமுதல் செய்ய அதிகாரம் உண்டு. தெரிந்தே செய்தது என்று ஆகிவிட்டால் தப்பிய டியூட்டியின் அளவுக்கே அபராதமும் உண்டு.

கிலோ ரேட்டு விஷயம் இரண்டு வகை. சிலர் தங்கள் ஐஇசியில் முறையாக இறக்கி, உனக்கு ஜிஎஸ்டி பில் போட்டு விற்பார்கள். அப்போது இறக்குமதியாளர் அவர், நீ உள்ளூரில் வாங்குபவன். பில்லில் உள்ள வரிக்குக் கிரெடிட் எடுக்கலாம், தப்பே இல்லை. சின்னச் சின்னச் சரக்குக்கு அது வசதியும்கூட. பில் தரமாட்டேன் என்பவன் வேறு வகை. அவன் எப்படிக் கொண்டுவந்தான் என்று கேட்டு வருபவர்களுக்குக் காட்ட உன்னிடம் ஒன்றும் இருக்காது. கிரெடிட்டும் இல்லை, கொள்முதலும் இல்லை.

ராத்திரி ஷிப்ட்:

பாண்டட் வேர்ஹவுஸ் (கஸ்டம்ஸ் கண்காணிப்பில் உள்ள குடோன்) பற்றி யாரும் சொல்லலையே. சரக்கை அங்கே வைத்துவிட்டால் டியூட்டி, ஐஜிஎஸ்டி எதுவும் உடனே கட்ட வேண்டாம், வேண்டியபோது வேண்டிய அளவுக்கு எக்ஸ்-பாண்ட் (அங்கிருந்து வரி கட்டி எடுக்கும் பத்திரம்) போட்டு எடுத்துக்கலாம். முதல் முடங்காது.

பழைய சரக்கு:

ஒரு கன்டெய்னர் முழுக்க இறக்குபவனுக்கு நல்ல வழி. டியூட்டியைப்போல் மூன்று மடங்குக்குப் பாண்ட் (உறுதிப் பத்திரம்) எழுதிக் கொடுக்கணும், 90 நாளைத் தாண்டினால் டியூட்டிக்கு வட்டி ஓட ஆரம்பிக்கும், குடோன் வாடகை தனி, ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ஏஜென்ட்டுக்கு ஒரு பில். எல்சிஎல்-இல் நாலு பெட்டி வரவழைப்பவன் அங்கே வைத்தால் வரியைத் தள்ளிப்போட்டதில் மிச்சமாவது வாடகையில் போய்விடும். தம்பிக்கு இப்போது வேண்டாம்.

வளையல் கடை:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் காம்போசிஷனில் (சின்ன வியாபாரிகளுக்கான ஜிஎஸ்டி திட்டம்) இருக்கிறேன், ஃபேன்ஸி ஐட்டம். எனக்கும் இந்தக் கிரெடிட் கிடைக்குமா?

கணக்குப்பிள்ளை அக்கா:

கிடைக்காதும்மா. காம்போசிஷனில் விற்பனையில் ஒரு சதவீதம் உங்க கைக்காசிலிருந்து கட்டுகிறீங்க, வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கவும் கூடாது, உள்ளே வந்த வரிக்குக் கிரெடிட்டும் கிடையாது. இறக்குமதி செய்யத் தடையில்லை, ஆனால் துறைமுகத்தில் கட்டும் ஐஜிஎஸ்டி முழுக்க அடக்கவிலைதான். வேடிக்கை என்னவென்றால், மதுரைத் தம்பி முதலில் போட்ட 3,35,724 தப்புக் கணக்கு இல்லை, அது உங்க கணக்கு. ஆள் மாறிப்போய்விட்டது, அவ்வளவுதான். பதிவே இல்லாமல் இறக்குபவர்களுக்கும் இதே கதி. தொடர்ந்து இறக்குமதி செய்யப்போகிறீர்கள் என்றால் ரெகுலருக்கு மாறினால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் என்றால் அவசரப்பட வேண்டாம், மாதா மாதம் ரிட்டர்ன் வேலையும் சேர்ந்து வரும்.

மதுரை சாலிடர்:

ஒரு புதுப் பிரச்சினை. இந்த மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (எனக்குக் கிடைக்கும் கிரெடிட்டின் மாதப் பட்டியல்) வந்ததும் திறந்து பார்த்தேன். ஏஜென்ட் பில்லின் 3,960 இருக்கிறது. 46,764 மட்டும் இல்லை! போன மாதமும் இல்லை. கூரியர் மாதிரியே இதுவும் போய்விட்டதோ என்று வயிறு கலங்கிவிட்டது. பில் ஆஃப் என்ட்ரி பிடிஎஃப்-இல் என் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை அக்கா:

எண் சரியாக இருந்தால் பயமே வேண்டாம். கஸ்டம்ஸ் பக்கமிருந்து ஜிஎஸ்டி பக்கம் தகவல் வருவதில் சிலது வழியில் நின்றுவிடும். போர்ட்டலில் “சர்ச் பிஓஇ” (பில் ஆஃப் என்ட்ரி தேடல்) என்று ஒரு இடம் இருக்கிறது, யூசர் சர்வீசஸ் கீழே பாருங்க. துறைமுகக் குறியீடு, பில் ஆஃப் என்ட்ரி எண், அதன் தேதி, ரெஃபரன்ஸ் தேதி நாலும் கேட்கும். இந்த ரெஃபரன்ஸ் தேதியில்தான் எல்லோரும் மாட்டுவார்கள். அவுட் ஆஃப் சார்ஜ் (சரக்கை வெளியே எடுக்கக் கஸ்டம்ஸ் தரும் அனுமதி) கிடைத்த தேதி, டியூட்டி கட்டிய தேதி, திருத்தம் நடந்திருந்தால் அந்தத் தேதி, இவற்றில் எது கடைசியோ அதைப் போடணும். கண்டுபிடித்துவிட்டால் அங்கேயே இழுத்துக்கொள்ளும்.

வந்த பிறகு 3பி-யில் (மாத ரிட்டர்னில்) 4(ஏ)(1) என்ற வரிசையில், சரக்கு இறக்குமதி என்ற இடத்தில் காட்டணும். கடைசி வரிசையில் இருக்கும் “மற்றவை”யில் சேர்த்துவிடாதீங்க, பலர் அங்கே தூக்கிப் போட்டுவிட்டு நோட்டீஸ் வந்ததும் ஓடி வருவார்கள்.

மதுரை சாலிடர்:

கிடைத்துவிட்டது! முதல் இரண்டு தடவை “விவரம் இல்லை” என்றே வந்தது. துறைமுகக் குறியீட்டில் ஐஎன்எம்ஏஏ1 என்று போட்டுக்கொண்டிருந்தேன். அது சென்னை. ஏஜென்ட்டின் தலைமை அலுவலகம் சென்னையில் இருப்பதால் அவர் லெட்டர்ஹெட்டைப் பார்த்துக் குழம்பிவிட்டேன். தூத்துக்குடிக்கு ஐஎன்டியுடி1. அதை மாற்றி, தேதிக்கு அவுட் ஆஃப் சார்ஜ் தேதியைப் போட்டதும் 46,764 திரையில் வந்து நின்றது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் ஆடிட்டருக்கு அனுப்பினேன். “நான்தான் சொன்னேனே” என்று பதில் போட்டிருக்கிறார்.

விலைப் பட்டியலை நேற்று ராத்திரியே மாற்றிவிட்டேன். டிப் செட்டின் மேல் ஒட்டியிருந்த பழைய எம்ஆர்பி ஸ்டிக்கரை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எம்ஆர்பிக்குக் குறைவாக விற்பதில் தப்பில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டேன், அடுத்த லாட்டில் சரியாக அடித்துக்கொள்ளலாம்.

பழைய சரக்கு:

நல்லது. ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) தளத்தில் ஐஇசியை அப்டேட் செய்துவிடு, ஒன்றும் மாறவில்லை என்றாலும் உள்ளே போய் உறுதி செய்யணும். காசு கிடையாது. விட்டுவிட்டால் ஐஇசி செயலிழந்துபோகும், உன் அடுத்த பெட்டி துறைமுகத்தில் வாடகைக்கு நிற்கும்.

மதுரை சாலிடர்:

காலண்டரில் எழுதிவிட்டேன் ஐயா. இன்று காலை 11 மணிக்குள் ஹாட் ஏர் ஸ்டேஷன் மூன்று போனது. ரிச்சி தெருவில் நான் முன்பு வாங்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி போன் செய்து, “என்னப்பா, யாருகிட்ட வாங்குற?” என்று கேட்டார்.